காமனை எழுப்பாத மாசி

ஆரூரனின் படத்தைப் பார்க்கப் போனவர்களில் இரண்டு வகை உண்டு. பாதியில் எழுந்து போனவர்கள் ஒரு வகை. படம் முடிந்த பிறகும் நாற்காலியை விட்டு அசைய முடியாமல் கிடந்தவர்கள் இன்னொரு வகை. தலவாக்கலைப் பக்கம் இரண்டாம் வகை ஆட்கள் மொத்தமே மூன்று பேர்தான்.

மூவரில் மூத்தவள் கிருஷாந்தி, தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர். அடுத்தவன் அவள் தம்பி சஜீவன். கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை. லீவு கிடைத்தால் ரயிலேறி வந்துவிடுவான். மூன்றாவது ஆள் ஜீவராஜ், பசாரில் புடவைக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை கடை மாடியில், சேலைக் கட்டுகளை ஒதுக்கி, வெள்ளைத் துணி ஒன்றைத் தொங்கவிட்டு மூவரும் படம் பார்ப்பார்கள். ஊருக்கெல்லாம் ஒரு நாயகன் என்றால் இவர்களுக்கு ஆரூரன்.

அவர் யாழ்ப்பாணத்து டைரக்டர். அவர் படத்தில் பாட்டு இருக்காது, சண்டை இருக்காது, கதையென்று அடுத்தவருக்குச் சொல்லவும் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒன்றில் ஒரு பெண் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறாள். பார்த்துக்கொண்டே இருக்கிறாள். உள்ளே என்ன கிடக்கிறதென்று கடைசிவரை காட்டமாட்டார். அவள் முகத்தை மட்டும் காட்டுவார். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால் சோற்றில் கை வைக்க மனம் வராது. இன்னொன்றில் ஒரு பஸ் நடுக்காட்டில் நிற்கிறது. டிரைவர் இறங்கிப் போகிறார், திரும்பி வரவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் நடிகர்களே இல்லை, படம் பிடிக்கிறார்கள் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது என்று ஒரு பேச்சு.

உண்மையைச் சொன்னால் மூவருக்கும் படத்தைவிட இந்தப் பேச்சுகள்தான் இனிப்பு. கிணற்றுப் படத்தில் நடித்த பெண் அதற்குப் பிறகு தண்ணீர் மொள்ளவே போவதில்லையாம் என்று ஜீவராஜ் எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னான்.

"மனுசன் என்னா வேல பாத்துருக்காரு பாருங்களேன்!" என்று சஜீவன் தொடையில் தட்டினான்.

கிருஷாந்திக்கும் புல்லரித்தது. அந்தப் பெண்ணுக்கு இப்போது யார் தண்ணீர் மொண்டு கொடுக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊரான் வீட்டுப் பெண்தானே, நமக்கென்ன.

கிருஷாந்திதான் அவருக்கு எழுதினாள். பேஸ்புக்கில் அவர் பதில் போடமாட்டார் என்று தெரிந்தும் விடாமல் எழுதினாள். ஒருநாள், எழுத வேறொன்றும் இல்லாமல், தோட்டத்துக் காமன் கூத்தைப் பற்றி எழுதினாள். மாசியில் கம்பம் நட்டு வேஷக்காரர்களுக்குக் காப்புக் கட்டுவோம். ரதியும் மன்மதனும் லயம் லயமாக, வீட்டு வரிசை ஒன்று விடாமல் ஆடி வருவார்கள். கடைசியில் காமன் பொட்டலில் ஈசன் மன்மதனை எரிப்பார். எரிந்ததும் மன்மதன் வேஷம் கட்டியவர் செத்தவர் கணக்குத்தான். மூன்றாம் நாள் ரதி வந்து பால் தெளித்துக் கூப்பிடும்வரை அவர் வாய் திறக்கமாட்டார், உப்புச் சேர்க்கமாட்டார், வீட்டுப் படி ஏறமாட்டார். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் கூடாது. இந்த வருஷம் என் தம்பிதான் மன்மதன். இப்படி எழுதி அனுப்பினாள்.

பதில் ஒரே வரியில் வந்தது. "எழுப்பாட்டால் என்ன நடக்கும்?"

அன்றைக்கே அவள் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை, துள்ளினாள். அந்த வரியைப் படம் எடுத்துத் தம்பிக்கும் ஜீவராஜுக்கும் அனுப்பினாள். மூவரும் அன்று முழுக்க அதையே சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். பிறகுதான் அவருக்கு எழுதினாள்: "அப்படி நடந்ததே இல்லை சேர்."

"அப்ப வாறன்" என்றார் ஆரூரன்.

வந்த மனிதரைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது. ஒல்லி உடம்பு, தணிந்த குரல், எவரையும் 'நீங்கள்' என்றுதான் பேசுவார். சீனியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பிளேன்டீ குடித்தார். கிருஷாந்தியின் அம்மா வீரம்மாவுக்கு அவரைப் பிடித்துப்போனது. "பாவம், கட்டி வச்சு சோறு போட ஆளு இல்ல போல" என்றாள். அம்மா நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வந்து அவருக்கென்று ரொட்டி தட்டினாள்.

படம் எடுக்கும்போது அவருக்கு ஒரே ஒரு சட்டம். அவர் 'போதும்' என்று சொல்லும்வரை யாரும் கலையக் கூடாது. கமெராவுக்குப் பின்னால் நின்று வேறெதையோ யோசிப்பதுபோல் இருப்பார். ஆடுகிறவர்களுக்குக் கால் வலித்து, சிரிப்பு வந்து, சிரிப்பும் செத்த பிறகுதான் அந்தச் சொல் வரும். சஜீவனுக்கு அதில் தனிப் பெருமை. "மத்தவங்க எல்லாம் அசஞ்சுட்டாங்கக்கா. நான் அசையல. சேர் கவனிச்சாரு" என்று காப்புக் கட்டிய கையை ஆட்டிச் சொன்னான். இருபத்தைந்து வயதில் அவனை யாரும் அப்படிக் கவனித்ததில்லை. ஹோட்டலில் அவனைக் கூப்பிட மணி அடிப்பார்களாம்.

மன்மதன் எரிந்தான். சஜீவனை வெள்ளைத் துணியால் மூடி, பாவிக்காமல் கிடந்த பழைய பிள்ளைக்காம்பிராவில் கிடத்தினார்கள். கொழுந்து பறிக்கிற பெண்கள் ஒரு காலத்தில் கைக்குழந்தைகளை விட்டுப்போன கட்டடம் அது.

மூன்றாம் நாள் காலை பிள்ளைக்காம்பிரா வாசலில் பால் சொம்பு, தப்பு மேளம், ரதி வேஷத்தில் வீரபத்திரன் எல்லாம் தயார். கூத்தை நடத்துகிற மாயாண்டி மாஸ்டர் ஈர வேட்டியோடு நின்றார். ஆரூரன் வானத்தைப் பார்த்தார். பளீரென்று வெயில்.

"இந்த வெளிச்சத்தில ஏலாது. புகார் வரட்டும்" என்றார். பனிமூட்டத்தைத்தான் அவர்கள் பக்கம் புகார் என்பார்கள்.

மாயாண்டிக்கு முகம் மாறியது. "சேர், இது நாடகம் இல்லீங்க. மூணாம் நாளுன்னா மூணாம் நாளுதான்."

ஆரூரன் வற்புறுத்தவில்லை. கிருஷாந்தியைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு அவள் உருகிப்போனாள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் அல்லவா, வழக்கத்தில் எங்கே ஓட்டை இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும்.

"தோட்டத்துல எழவு விழுந்தா கூத்த நிப்பாட்டுறோம்ல மாமா? மூணாம் நாள்ல விழுந்தாலும் எழுப்புறத தள்ளித்தான வைக்கிறோம்?"

"வைக்கிறோம். இப்ப எழவு எங்க விழுந்துச்சு?"

"விழுந்ததா வச்சுக்கங்களேன்."

தப்பை வைத்திருந்தவன் அதைக் கீழே இறக்கினான். மாயாண்டி ஓரடி முன்னால் வந்தார். "வாயக் கழுவு புள்ள. ஆளு சாகாம எழவு சொல்லக் கூடாது. சொல்லிட்டா அது ஆளு தேடும்."

அவள் விடவில்லை. உலகமெல்லாம் நம் தோட்டத்தைப் பார்க்கும் என்றாள், ஒரு நாள்தானே என்றாள். அங்கே நின்றவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகள் அவளிடம் படிக்கிறவர்கள். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இரண்டொருவர் தலையாட்டினார்கள். மாயாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஒரே நாளு. அம்புட்டுத்தான்" என்றார்.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்த மாசியில் பனிக்கு என்ன வந்ததோ, மலையெல்லாம் வெயில் காய்ந்தது. இன்றைக்கில்லை, நாளைக்கு என்றார் ஆரூரன். நாளைக்கும் அதையே சொன்னார்.

ஜீவராஜுக்குக் கொண்டாட்டம். கடையை அண்ணன் தலையில் கட்டிவிட்டு இரண்டாவது கமெராவோடு பிள்ளைக்காம்பிராவிலேயே குடியிருந்தான். "இதுதாங்க அவரு! இப்புடித்தான் அவரு வேல செய்வாரு! நாம படிச்சத நேர்ல பாக்குறோங்க!" என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவளும் சிரித்தாள்.

வீரம்மா சிரிக்கவில்லை. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் பாலும் வாழைப்பழமும் கொண்டுபோய் மகனுக்கு நீட்டுவாள். அவன் தொடமாட்டான். ஜீவராஜ் கமெராவை அவன் பக்கம் திருப்பினால் குடிப்பான். அம்மா இதைச் சொன்னபோது கிருஷாந்தி நம்பவில்லை. மாலையில் தானே போனாள். ஜீவராஜ் சாப்பிடப் போயிருந்தான். சஜீவனின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மணிக்கட்டை இறுக்கிக் கட்டிய காப்புக் கயிறு, கையை மடித்தால் முழங்கைவரை வழுக்கிப் போனது.

"டேய், இங்க யாருமே இல்லடா. ஒரு வார்த்த பேசு."

அவன் அவளைப் பார்க்கவில்லை. மூலையில் முக்காலியில் நின்ற கமெராவைப் பார்த்தான்.

"அது ஓடலடா. அணைச்சுக் கெடக்கு."

அப்போதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோமா என்று முதல் தடவையாக நினைத்தாள்.

நேரே ஆரூரன் தங்கியிருந்த குவாட்டர்ஸுக்குப் போனாள். "சேர், தம்பி ரொம்ப மெலிஞ்சு போயிட்டான். நாளைக்கு எழுப்பிருவோம்" என்றாள்.

"எழுப்புவம். அதுக்கு முதல் இதைப் பாருங்கோ" என்று அவர் லெப்டொப்பைத் திருப்பினார்.

திரையில் அவள் இருந்தாள். மாயாண்டியோடு வாதாடிய காலை அது. தூரத்தில் ஓடவிட்டிருந்த கமெராவில், அவளுக்குத் தெரியாமல் எடுத்தது. பின்னால் தேயிலை மலை, முன்னால் அவள் முகம். 'விழுந்ததா வச்சுக்கங்களேன்' என்கிறாள். சொல்லும்போது உதட்டோரம் ஒரு சிரிப்பு. அவளைச் சுற்றி நின்றவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக அணைகின்றன. ஓரத்தில், பிள்ளைக்காம்பிரா வாசலுக்குள், மூடிய துணிக்குக் கீழே சஜீவனின் ஒரு கால் மட்டும் தெரிகிறது.

"கூத்தெல்லாம் சும்மா சோடினை. படம் எண்டா இதுதான்" என்றார் ஆரூரன் தணிந்த குரலில். "உங்களில ஒரு விசயம் இருக்கு, ரீச்சர்."

அவள் அங்கேயே அவர் முகத்தில் காறித் துப்பியிருக்கலாம். அசிங்கம் என்னவென்றால், அது அழகாக இருந்தது. அவர் படங்களிலேயே அதுதான் மிக அழகான காட்சி என்று அவளுக்குள் இருந்த ரசிகை சொன்னாள். கிணற்றை எட்டிப் பார்த்த பெண்ணுக்குப் பக்கத்தில் தன் முகத்தை வைத்துப் பார்த்தாள். தம்பியைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டாள். "இன்னொருக்கா போடுங்க சேர்" என்று கேட்டாள். அந்த நிமிஷத்துக்காக அவளை எந்தச் சாமியும் மன்னிக்காது.

மறுநாள் ஆரூரன் கொழும்புக்குப் போனார். அவசர வேலை, வந்துவிடுவேன், கமெராவை மட்டும் நிறுத்தவேண்டாம் என்று ஜீவராஜிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் லயத்தில் அந்த மாற்றம் தொடங்கியது. அடுத்த காம்பிரா ஜெயலெட்சுமி ஒரு சட்டியில் சோறும் பருப்பும் கொண்டுவந்து வீரம்மாவின் வாசலில் வைத்தாள். "அடுப்பு மூட்ட வேணாங்க்கா. நாங்க பாத்துக்கிறோம்" என்றாள். வீரம்மா அவளையே வெறித்துப் பார்த்தாள். சாவு விழுந்த வீட்டுக்குத்தான் அப்படிச் சோறு வரும். அடுத்த வேளைக்கு இன்னொரு வீட்டிலிருந்து வந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, கை தானாகச் செய்தது. பெரட்டுக் களத்தில் வீரம்மா வந்தால் பேச்சு நின்றது. சஜீவன் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பெண்குழந்தை கிருஷாந்தியைப் பார்த்து, "டீச்சர், ஒங்க தம்பிக்கு எப்ப கருமாதி?" என்று கேட்டது. அவள் அதட்டவில்லை. வகுப்பை விட்டுவிட்டு அப்படியே மாயாண்டி வீட்டுக்கு ஓடினாள்.

"எழுப்பிருங்க மாமா. படமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா?" என்றார் மாயாண்டி. அதற்குமேல் திட்டவில்லை. தப்புக்காரனுக்கும் வீரபத்திரனுக்கும் ஆள் அனுப்பினார்.

எல்லோரும் பிள்ளைக்காம்பிராவுக்கு வந்து சேர்ந்தபோது பின்னேரம். இத்தனை நாள் வராத பனி அப்போது வந்தது. கொத்மலைப் பக்கமிருந்து ஏறி, தேயிலையை மூடி, லயத்துத் தகரத்தை மூடி, கதவில்லாத வாசல் வழியாக உள்ளேயே வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர் முகம்கூட மங்கித் தெரிந்தது. ஜீவராஜ் கமெராவைச் சரிசெய்தான்.

வீரபத்திரன் தேயிலை ஸ்டோரில் வேலை முடிந்து அப்படியே வந்திருந்தார். அவசரத்தில் சேலையை மட்டும் சுற்றிக்கொண்டு ரதியின் ஒப்பாரியைத் தொடங்கினார். ஆண் குரல்தான், ஆனாலும் கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். பாலைத் தொட்டு முகத்தில் தெளித்தார். ஒரு தடவை, இன்னொரு தடவை. தப்பு உச்சத்துக்குப் போய் நின்றது. வழக்கமாக அந்த இடத்தில் மன்மதன் துள்ளி எழுவான், பிள்ளைகள் கத்துவார்கள்.

சஜீவன் எழவில்லை.

கண் திறந்திருந்தது, மூச்சு இருந்தது. இமையில் விழுந்த பால் துளி வழிந்து காதுக்குள் போனது, அவன் துடைக்கவில்லை. மாயாண்டி தானே மண்டியிட்டுக் கூப்பிட்டார். பயனில்லை. கிருஷாந்தியின் பக்கத்தில் நின்ற வீரம்மா வாய்விட்டு அழத் தொடங்கினாள். கூட்டத்தில் யாரோ, "எழவு சொன்னாங்கள்ல" என்று முணுமுணுத்தார்கள்.

கிருஷாந்தி வழக்கத்தைத் தூக்கிப் போட்டாள். "சஜீ! டேய் சஜீவா! எந்திரிடா!" என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். அவன் உதடு அசைந்தது. காதை வாயருகே கொண்டுபோனாள்.

"சேர் இன்னும் சொல்லலக்கா."

அவளுக்குப் புரிந்துவிட்டது. இவன் காமனுக்காகக் கிடக்கவில்லை. ரதி கூப்பிட்டாலும் பெற்றவள் கூப்பிட்டாலும் எழப்போவதில்லை. அந்த ஒரு சொல்லுக்காகக் கிடக்கிறான்.

"ஜீவா, அவருக்குப் போன் போடுங்க. 'போதும்'னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க!"

ஜீவராஜ் போனை எடுத்தான். வீடியோவில்தான் எடுத்தான்; அப்படித்தான் அவர்கள் பேசிக்கொள்வார்களாம். திரையில் ஆரூரனின் முகம் வந்தது. பின்னால் ஏதோ ஒரு வெள்ளைச் சுவர். ஜீவராஜ் போனைச் சஜீவன் பக்கம் திருப்பினான். சஜீவனின் கண்ணில் உயிர் வந்ததை அவள் பார்த்தாள். இத்தனை நாளில் அவன் கண் அப்படி மின்னவே இல்லை.

"சேர், எழுப்பிட்டோம், அவன் எந்திரிக்க மாட்டேங்கிறான். நீங்க சொல்லுங்க சேர். ஒங்க கால்ல விழுறேன்."

ஆரூரன் பார்த்துக்கொண்டிருந்தார். "புகார் வந்திட்டுதே" என்றார். பிறகு, "ரீச்சர், கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நில்லுங்கோ. முகம் மறையுது."

தள்ளி நின்றால் சொல்லிவிடுவார். அவள் தள்ளி நின்றாள்.

"இன்னும் கொஞ்சம்."

நின்றாள்.

"பின்னால ஆக்கள் அசையினம்."

"யாரும் அசையாதீங்க!" என்று கத்தினாள். வகுப்பில் கத்துகிற அதே கத்தல். அத்தனை பேரும் நின்ற இடத்தில் நின்றார்கள், மாயாண்டி உட்பட. பனி மட்டும்தான் அசைந்தது. அவள் சஜீவனையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். இதோ சொல்லப் போகிறார், இப்போது சொல்லிவிடுவார்.

"அம்மாவின்ர சத்தம் வருது."

பிறகு நீண்ட நேரம் ஒரு சத்தமும் இல்லை.

"நல்ல வடிவாயிருக்கு" என்றார் ஆரூரன் கடைசியில். "இப்பிடியே இருக்கட்டும். நான் நாளைக்கு வாறன்."

திரை அணைந்தது. சஜீவன் அவர் சொன்னதைக் கேட்டிருந்தான். தூங்கச் சொன்னதும் தூங்குகிற பிள்ளைபோல் மெல்லக் கண்களை மூடிக்கொண்டான். கிருஷாந்தியின் வலது கைக்குள் ஏதோ ஈரமாக, சூடாகத் துடித்தது. குனிந்து பார்த்தாள். அவள் அம்மாவின் வாயைப் பொத்திப் பிடித்திருந்தாள்.